ஓட்டைக் காலணாவும் உப்பும்

போன வாரம் பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது ஒரு ஓட்டைக் காலணா அகப்பட்டது. 1944 என்று போட்டிருக்கிறது. பேரன் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன தாத்தா, வாஷரா?" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் காலத்திலேயே இதை வாஷராகப் போட்டவர்கள் உண்டு. குழந்தைகளின் அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டியவர்களும் உண்டு.

இரண்டாம் உலகப் போரில் செம்புக்குத் தட்டுப்பாடு. அதனால் 1943 முதல் காலணாவை நடுவில் துளைபோட்டு அடித்தார்கள். ராஜா தலைக்கு இடமில்லாமல் போய், கிரீடம் மட்டும் மிஞ்சியது.

இளையவர்களுக்காகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ரூபாய்க்கு 16 அணா. அணாவுக்கு 4 காலணா. காலணாவுக்கு 3 தம்பிடி. ஆக ரூபாய்க்கு 64 காலணா, 192 தம்பிடி. கேட்டால் தலை சுற்றும். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இதில் ஏமாறமாட்டார்கள். எட்டணா அரை, நாலணா கால், இரண்டணா அரைக்கால், ஓரணா வீசம். பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போகலாம்.

எங்கள் குயிலாப்பாளையத்துக்கு வடக்கே மரக்காணம் உப்பளம். அதனால் உப்பை வைத்தே காலணாவின் மதிப்பைச் சொல்கிறேன். 1930இல் காந்தி தண்டிக்கும் ராஜாஜி வேதாரண்யத்துக்கும் நடந்தபோது, 82 ராத்தல் கொண்ட ஒரு மணங்கு உப்புக்கு வரி ஒன்றேகால் ரூபாய். அதாவது 80 காலணா. ராத்தலுக்கு ஏறக்குறைய ஒரு காலணா! உப்பின் விலை அல்ல, வரி மட்டும். கடல் தண்ணீரில் வெயில் காய்ச்சிய பொருளுக்கு இந்த வரி. 1947இல்தான் அது ஒழிந்தது.

1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 100 பைசா. எட்டணாவுக்கு 50, நாலணாவுக்கு 25 என்று சரியாகப் பொருந்தியது. சில்லறையில்தான் சிக்கல். ஓரணா ஆறேகால் பைசா. அதை 6 ஆக்கினார்கள். காலணா ஒன்றரைக்குச் சற்று மேல். அது 2 ஆனது.

என் ஆயா காலணாவுக்கு வெற்றிலை வாங்குபவள். முதல் நாள் கடைக்காரர் 2 பைசா கேட்டார். கொடுத்தாள். நாலு நாள் கழித்து, "ஓரணா வெத்தலைக்கு ஆறு பைசாதானே? நான் எட்டு குடுத்திருக்கேனே!" என்று சண்டைக்குப் போனாள். கடைக்காரர் அரசாங்க அட்டவணையைக் காட்டினார். அட்டவணையில் பிழையில்லை. ஆயாவின் கணக்கிலும் பிழையில்லை.

யோசித்துப் பாருங்கள். மொத்தமாக ஒரு ரூபாய்க்கு வாங்குகிறவருக்கு 100 பைசா. அதே சரக்கை அன்றாடம் காலணா காலணாவாக வாங்கும் கூலிக்காரருக்கு, 64 தடவையில் 128 பைசா! யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஆனாலும் சுமை போய் விழுந்தது கையில் காசு குறைந்தவர் தலையில்தான்.

1964இல் 'நயா' போய் வெறும் பைசா ஆனது. 2011 ஜூன் 30உடன் நாலணாவும் செல்லாமல் போனது. ஆனால், "நாலணா பெறுமா?" என்ற பேச்சு மட்டும் இன்னும் செல்லுபடியாகிறது.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒரு ஓட்டைக் காலணா கிடக்கலாம். தேடிப் பாருங்கள். கிடைத்தால், பேரப்பிள்ளைகளிடம் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.