சதுரங்கம் முதல் ஷத்ரஞ்சு வரை: ஓர் ஆட்டத்தின் வரலாறும் நமக்குரிய பாடமும்

 

2022 ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை மாமல்லபுரத்தில் 44 ஆவது செஸ் ஒலிம்பியாட் போட்டி நடைபெற்றது. 2019 ஆம் ஆண்டில் செங்கல்பட்டு மாவட்டம் தனியாகப் பிரியும் வரை மாமல்லபுரமும் நமது காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்தான். சென்னையின் நேப்பியர் பாலத்துக்குக் கூடச் சதுரங்கக் கட்டங்களைப் போலக் கறுப்பும் வெள்ளையுமாக வண்ணம் தீட்டியிருந்தார்கள். எங்கு பார்த்தாலும் அதே பேச்சு.

அந்நாட்களில் ஒரு மாலை, மக்தப் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த மாணவன் ஒருவன், "ஹஜ்ரத், செஸ் ஆடலாமா?" என்று கேட்டான். "கூடாது, பாடத்தைப் பார்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். அவன் மறுபேச்சின்றித் தலைகுனிந்துகொண்டான். ஆனால் அன்றிரவு எனக்கு மனம் ஒப்பவில்லை. ஃபிக்ஹு நூல்களில் ஷத்ரஞ்சு பற்றிய பகுதியை ஓதிய காலத்தில் நானும் கடந்து வந்திருக்கிறேன். அந்த ஆட்டம் எங்கே பிறந்தது, யார் ஆடினார்கள், இமாம்கள் ஏன் அதில் கருத்து வேறுபாடு கொண்டார்கள் என்பதையெல்லாம் நான் ஒருபோதும் தேடிப் பார்த்ததில்லை. விவரம் அறியாமல் ஒரு சிறுவனின் வாயை அடைப்பது எளிது, விடை சொல்வதாகாது. அதன் பின் நான் தேடிப் படித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

பிறந்தது இந்த மண்ணில்

சதுரங்கம் என்னும் வடசொல்லுக்கு நான்கு உறுப்புகள் என்பது பொருள். யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படைகளையே அச்சொல் குறிக்கிறது. கி.பி. 6 அல்லது 7 ஆம் நூற்றாண்டளவில் வட இந்தியாவில் இவ்வாட்டம் வழக்கில் இருந்தது என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஹர்ஷ மன்னரின் அவைப்புலவரான பாணர் 7 ஆம் நூற்றாண்டில் எழுதிய ஹர்ஷசரிதத்தில் இதனைப் பற்றிய குறிப்பு காணப்படுகிறது.

இங்கிருந்து ஆட்டம் பாரசீகத்துக்குச் சென்றது. அங்கு அதன் பெயர் 'சத்ரங்' ஆயிற்று. மன்னர் நவ்ஷேர்வான் (ஆட்சி 531-579) காலத்தில் இந்தியாவிலிருந்து இது வந்து சேர்ந்ததாகப் பாரசீகத்தின் பழைய பஹ்லவி நூல் ஒன்று கூறுகிறது. பின்னர் 7 ஆம் நூற்றாண்டில் பாரசீகம் முஸ்லிம்களின் ஆட்சியின் கீழ் வந்தபோது அரபுகள் இவ்வாட்டத்தை அறிந்தனர். 'ச்ச', 'க' என்னும் அப்பாரசீக ஒலிகள் அரபு மொழியில் இல்லாமையால் 'சத்ரங்' என்பது 'ஷத்ரஞ்சு' என மாறியது.

காய்களின் பெயர்கள் இப்பயணத்தின் தடயங்களாக இன்றும் நிற்கின்றன. அரசனுக்கு ஷாஹ், அமைச்சருக்கு ஃபர்ஸீன், யானைக்கு ஃபீல், குதிரைக்கு ஃபரஸ், மூலையில் நிற்கும் காய்க்கு ருக், காலாளுக்கு பைதக். 'ஷாஹ் மாத்' என்ற முடிவுச் சொல்லே ஆங்கிலத்தில் 'செக்மேட்' ஆயிற்று. ஸ்பானிய மொழியில் இன்றும் மந்திரிக் காய்க்கு 'அல்ஃபில்' என்று பெயர். அது நமது அரபு 'அல்ஃபீல்' என்பதே. ஆட்டத்துக்கே அம்மொழியில் வழங்கும் 'அஹெத்ரேஸ்' என்ற பெயரும் 'அஷ்ஷத்ரஞ்சு' என்பதன் திரிபாகும். அந்தலூஸ் முஸ்லிம்கள் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்ற செல்வங்களுள் இதுவும் ஒன்று.

பக்தாதின் மேதைகள்

அப்பாஸிய கலீஃபாக்களின் காலத்தில் ஷத்ரஞ்சு, பொழுதுபோக்கு என்னும் நிலையிலிருந்து ஒரு கலையாக உயர்ந்தது. ஆட்டத்தின் முறைகளை எழுதிவைத்து, பிழைகளை ஆராய்ந்து, நூல்களாக முதன்முதலில் விரித்துரைத்தவர்கள் அக்கால அறிஞர்களே. ஹிஜ்ரி 3 ஆம் நூற்றாண்டில், அதாவது கி.பி. 840 அளவில், அல்அத்லீ என்பவர் ஷத்ரஞ்சு பற்றி நூல் இயற்றினார். அவரை அர்ராஸீ என்பவர் கலீஃபா முதவக்கிலின் முன்னிலையில் வென்றார்.

இவர்கள் எல்லோரையும் விஞ்சியவர் அபூபக்ர் முஹம்மது இப்னு யஹ்யா அஸ்ஸூலீ. கலீஃபா முக்தஃபீயின் (ஆட்சி 902-908) அவையில் அல்மாவர்தீ என்ற ஆட்டக்காரர் பெருமதிப்புப் பெற்றிருந்தார். கலீஃபாவே அவர் பக்கம் சாய்ந்திருந்த நிலையில், புதிதாக வந்த அஸ்ஸூலீ அவரை ஐயத்துக்கிடமின்றித் தோற்கடித்தார். அஸ்ஸூலீ ஆட்டக்காரர் மட்டுமல்லர். வரலாற்றாசிரியர், கவிஞர்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவர், இளவரசராயிருந்த அர்ராழீக்கு ஆசிரியர். ஷத்ரஞ்சைக் கண்டுபிடித்தவரே அவர்தாம் என்று மக்கள் பிற்காலத்தில் தவறாக எண்ணும் அளவுக்கு அவர் புகழ் பரவியது. 13 ஆம் நூற்றாண்டின் அறிஞர் இப்னு கல்லிகான் (ரஹ்) தமது நூலில் இந்தத் தவற்றைத் திருத்துகிறார்.

அன்றைய விதிகள் இன்றைய விதிகளிலிருந்து வேறுபட்டவை. ஃபர்ஸீன் குறுக்காக ஒரே ஒரு கட்டம்தான் நகரும். யானை குறுக்காக இரண்டாம் கட்டத்துக்குத் தாவும். எதிரியின் அரசன் துணையின்றித் தனித்து நின்றுவிட்டாலும் வெற்றியே. காய்கள் மெதுவாக நகர்ந்ததால், இரு படைகளும் மோதுமுன் தத்தம் அணியை ஒழுங்குசெய்ய வேண்டியிருந்தது. அந்த அணிவகுப்புகளுக்குத் 'தஃபியா' என்று பெயரிட்டு, எது சிறந்தது, எது எங்கே உடையும் என்று ஆராய்ந்தார்கள். இன்றைய ஆட்டக்காரர்கள் தொடக்க நகர்வுகளைப் பாடமாகப் படிப்பதன் முன்னோடி இதுவே. ஆட்டத்தின் இறுதிநிலைகளைப் புதிர்களாக அமைத்து அவற்றை 'மன்ஸூபா' என்றார்கள்.

அஸ்ஸூலீ விட்டுச்சென்ற புதிர் ஒன்று உண்டு. பலகையில் இருப்பவை நான்கே காய்கள்: இரு அரசர்கள், இரு ஃபர்ஸீன்கள். முதலில் நகர்த்துபவர் வெல்ல வேண்டும். தாம் கற்பித்தவர் தவிர வேறெவரும் இதற்கு விடை காணவில்லை என்று அவர் எழுதிவைத்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அது விடையின்றிக் கிடந்தது. 1980களில்தான் ரஷ்யாவின் கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாக் விடையை வெளியிட்டார்.

ஆனால் அஸ்ஸூலீயின் முடிவு இனிமையானதன்று. அவரை ஆதரித்த கலீஃபா அர்ராழீ 940 இல் மறைந்தபின் அவர் பக்தாதை விட்டு நீங்க நேர்ந்தது. பஸ்ராவில் வறுமையில் அவர் காலமானார். பலகையில் எவரிடமும் தோற்காதவரை, ஆதரவற்ற நிலை தோற்கடித்துவிட்டது.

கோதுமை மணிகளும் அல்பீரூனீயும்

ஆட்டத்தை அமைத்த இந்திய அறிஞர் ஸிஸ்ஸா பற்றிய கதையை நம்மில் பலர் கேட்டிருப்போம். முதற் கட்டத்துக்கு ஒரு கோதுமை மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என 64 கட்டங்களுக்கும் இரட்டித்துத் தரும்படி அவர் மன்னரிடம் கேட்டாராம். அதன் மொத்தம் 1,84,46,74,40,73,70,95,51,615 மணிகள். இதனை முதலில் நம்பாதிருந்ததாகவும், அலெக்ஸாந்திரியாவின் கணக்கர் ஒருவர் கணக்கிட்டுக் காட்டிய பின்னரே ஏற்றுக்கொண்டதாகவும் இப்னு கல்லிகான் எழுதுகிறார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, விளங்கியபின் ஏற்றுக்கொள்வது ஆலிம்களுக்கு அழகு. அந்த வரலாற்றைப் படித்தபோது மக்தபில் நான் சொன்ன ஒற்றைச் சொல் நினைவுக்கு வந்து என்னைச் சுட்டது.

இதே எண்ணைக் கணக்கிட்டவர்களுள் அல்பீரூனீயும் ஒருவர். இந்தியாவைப் பற்றி 1030 அளவில் அவர் எழுதிய நூலில், இங்கே நால்வர் அமர்ந்து பகடை உருட்டி ஆடும் ஒருவகைச் சதுரங்கத்தையும் விவரித்துள்ளார்.

இமாம்களின் நிலைப்பாடு

இங்கேதான் மார்க்கத் தீர்ப்பின் சிக்கல் தொடங்குகிறது. பணயம் வைத்து ஆடினாலும், தொழுகை தவறுமளவுக்கு ஆடினாலும் ஷத்ரஞ்சு கூடாது என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. இவ்விரண்டும் இல்லாதபோது என்ன நிலை என்பதில்தான் இமாம்கள் வேறுபடுகின்றனர். ஹனஃபீ, மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகளில் தடுக்கும் கருத்தே மேலோங்கியுள்ளது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இதனை வெறுக்கத்தக்கதாகக் கருதினார்களேயன்றி ஹராம் எனத் தீர்ப்பளிக்கவில்லை. பகடையாட்டம் அதிர்ஷ்டத்தைச் சார்ந்தது, ஷத்ரஞ்சோ சிந்தனையைச் சார்ந்தது என்று ஷாஃபிஈ அறிஞர்கள் வேறுபடுத்தினர். தாபிஈன்களுள் ஒருவரான ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்கள் பலகைக்கு முதுகைக் காட்டி அமர்ந்தவாறே ஆடியதாகவும் நூல்களில் குறிப்பு உண்டு.

அண்மைக் கால வரலாற்றிலும் இந்த இழுபறியைக் காணலாம். ஈரானில் 1981 இல் செஸ் தடைசெய்யப்பட்டு, பணயமின்றி ஆடலாம் என்று 1988 இல் தடை நீக்கப்பட்டது. அதே ஈரானின் தலைநகர் தெஹ்ரானில்தான் 2000 ஆம் ஆண்டில் உலகச் சாம்பியன் போட்டியின் இறுதிச் சுற்று நடந்தது. அங்கு வென்றவர் நமது தமிழ்நாட்டின் விசுவநாதன் ஆனந்த்! 2017 இல் ரியாத் நகரில் நடந்த உலக அதிவேகச் செஸ் போட்டியிலும் அவரே வென்றார். மறுபுறம், 2025 மே மாதத்தில் ஆப்கானிஸ்தானின் ஆட்சியாளர்கள் இவ்வாட்டத்தை நிறுத்திவைத்தனர்.

மீர் சுல்தான் கான்

இவ்வரலாற்றில் என் உள்ளத்தை மிகவும் தொட்டவர் மீர் சுல்தான் கான். இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாபின் மிட்டா திவானா என்னும் சிற்றூரில், 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர். தந்தையிடம் சிறு வயதில் ஆட்டம் கற்றார். அவர் கற்றது பழைய இந்திய முறை. அதில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். ஜமீன்தார் சர் உமர் ஹயாத் கான் அவரது திறமையைக் கண்டு ஆதரித்தார். 1928 இல் அகில இந்தியப் போட்டியில் வென்ற அவர், 1929 இல் இலண்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்.

ஆங்கில நூல்கள் எதையும் படித்திராத அவர், அவ்வாண்டே பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அப்பட்டம் அவருக்கே. முன்னாள் உலகச் சாம்பியனான கபபிளாங்காவை 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் வென்றார். ஆளும் நாடான இங்கிலாந்தின் அணிக்கு முதல் பலகையில் ஆடியவர், ஆளப்பட்ட நாட்டின் இந்த முஸ்லிம். அதே ஜமீன்தாரின் இல்லத்தைச் சேர்ந்த பாத்திமா என்னும் பெண்மணியும் 1933 இல் பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன் ஆனார்.

1933 இறுதியில் ஜமீன்தார் நாடு திரும்பவே, சுல்தான் கானும் திரும்பினார். உலகப் போட்டிகளில் அதன்பின் அவர் பெயர் கேட்கவில்லை. 1966 இல் மறைந்தார். மேல்நாட்டார் அவரை வெறும் பணியாளராகவே எழுதினார்கள். அவரது குடும்பத்தார் அதனை மறுத்துள்ளனர். உலகச் செஸ் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024 இல். அவர் மறைந்து 58 ஆண்டுகளுக்குப் பின்.

பக்தாதின் அஸ்ஸூலீக்கும் பஞ்சாபின் சுல்தான் கானுக்கும் ஆயிரம் ஆண்டு இடைவெளி. ஆயினும் இருவர் கதையும் ஒன்றே. தனி ஒருவரின் தயவில் நின்ற திறமை, அவர் விலகியதும் சாய்ந்தது. இதற்கு மாறாக, சென்னையில் நடந்ததைப் பாருங்கள். 1961 இல் மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். 1972 இல் சோவியத் கலாசார மையத்தில் மிகயீல் தால் பெயரில் ஒரு செஸ் சங்கம் தொடங்கப்பட்டது. சிறுவன் ஆனந்த் அங்கே சென்று ஆடினார். 1988 இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பரில் சென்னையின் குகேஷ் தமது 18 ஆவது வயதில் உலகச் சாம்பியன் ஆனார். ஒருவர் தயவை நம்பாமல், கூட்டாகக் கற்பிக்கும் இடம் ஒன்று இருந்ததன் பயன் இது.

முடிவாக

மாமல்லபுரம் ஒலிம்பியாடில் பொதுப் பிரிவில் தங்கம் வென்ற நாடு எது தெரியுமா? உஸ்பெகிஸ்தான். அல்பீரூனீ பிறந்த குவாரஸ்ம் அந்நாட்டில்தான் உள்ளது. 7-8 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தந்தச் சதுரங்கக் காய்கள் 1977 இல் கண்டெடுக்கப்பட்டதும் அங்குள்ள ஸமர்கந்தில்தான். இந்தியாவிலிருந்து புறப்பட்ட ஆட்டம் பாரசீகம், பக்தாத், அந்தலூஸ் என உலகைச் சுற்றி, நம் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தது.

அந்த மாணவனை மறுவாரம் அழைத்து, "நான் அவசரப்பட்டுச் சொன்னேன்" என்று கூறி, அறிந்ததை விளக்கினேன். "நம் மத்ஹபின் இமாம்கள் இதைத் தடுத்தே சொல்கிறார்கள், அதை உனக்கு மறைக்க மாட்டேன். ஷாஃபிஈ மத்ஹபில் தளர்வு உண்டு. பணயமும், பாங்கு கேட்டும் எழாத ஆட்டமும், தோற்றதும் வரும் பொய்ச் சத்தியமும் ஏச்சும் எல்லோரிடத்திலும் கூடாதவை" என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "போனில் காசு கட்டி ஆடுகிறார்களே, அது?" என்றான். பெரியவர்களாகிய நாம்தான் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். நம் இளைஞர்களின் கையிலுள்ள கைபேசியில், ஆட்டம் என்ற பெயரில் சூது வீட்டுக்குள் புகுந்துவிட்டது. பலகையை மட்டும் பார்த்துக் கோபித்துக்கொண்டு, பணயத்தைக் காணாமல் இருந்துவிடக் கூடாது.

நமது ஊரில் பட்டு நெய்பவர்கள் 'பாலும் பழமும்' கட்டம் போட்ட சேலையை நன்கறிவார்கள். ஓர் இழை தப்பினால் கட்டம் முழுவதும் கோணும். சிறுவர்களின் கல்வியும் அப்படியே. கணக்கிலோ, கைத்தொழிலிலோ, குர்ஆன் மனனத்திலோ ஒரு பிள்ளையிடம் திறமை தெரிந்தால், எவரோ ஒரு செல்வந்தர் வந்து ஆதரிப்பார் என்று காத்திருக்க வேண்டாம். ஜமாஅத்தே அப்பிள்ளைக்குத் துணையாக நிற்கட்டும்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் அறிவைப் பயனுள்ள வழியில் செலுத்தி, வீணானவற்றை விட்டும் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.