குளிரும் உயிர்க் காப்பும்

ஹிஜ்ரி 8இல் (கி.பி. 629) தாதுஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, கடுங்குளிர் இரவொன்றில் குளிப்புக் கடமையான அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி), நீராடினால் உயிர் போகுமென அஞ்சித் தயம்மும் செய்து தொழுவித்தார். தன்னுயிர் மாய்ப்பதைத் தடுக்கும் இறைவசனத்தைச் சான்று காட்டினார். நபிகள் நாயகம் (ஸல்) புன்னகைத்தார்கள், கடியவில்லை.

குளிர் கொல்லும் என்னும் அவ்வறிவு இன்றும் தேவை. உடல்வெப்பம் 28 பாகை செல்சியசுக்குக் கீழிறங்கும் முன்பே பெரும்பாலும் நடுக்கம் நின்றுவிடும். நாடி புலப்படாமற் போகலாம். ஆயினும் அவர் இறந்துவிட்டாரென முடிவுகட்டலாகாது. 1999இல் நார்வேயில் 13.7 பாகைக்குக் குளிர்ந்த மருத்துவர் அன்னா பாகன்ஹோம் பிழைத்தெழுந்தார்.

ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரின் மார்கழி விடியலில், நெடுஞ்சாலை விபத்தில் குருதியிழந்து கிடப்பவருக்கும் இவ்வாபத்து உண்டு. உடல் குளிரக் குளிரக் குருதி உறையும் ஆற்றல் குன்றும். ஈர உடை களைந்து, போர்வை சுற்றி, கைகால்களைத் தேய்க்காது, உலுக்காது கொண்டுசெல்வதே உயிரைப் பேணும் கடமையாகும்.