பபூன் கேட்ட மன்னிப்பு: தமிழ் நகைச்சுவை மேடையில் முன்னெச்சரிக்கை

காளையார்கோவில் வட்டாரத்துக் கிராமங்களில் பொங்கல் வைப்பையும் புரவியெடுப்பையும் ஒட்டிய இரவுகளில் ஸ்பெஷல் நாடகம் போடுவது நெடுநாளைய வழக்கம். நோட்டீஸில் வள்ளி திருமணம் என்று இருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் திரை விலகினால் முதலில் வருபவர் முருகனல்ல, பபூன். முதல் இரண்டு மணி நேரம் அவர் ராஜ்யம்: தனிப்பேச்சு, டான்ஸ்காரப் பெண்ணுடன் டூயட், பிறகு புருஷன் பெண்டாட்டி சண்டையைச் சிரிப்பாக்கும் ‘அடிபிடி’. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த நாடகம் அதன் பிறகே தொடங்கும். மனத்தை உறுத்தக்கூடிய நகைச்சுவைக்கு முன்கூட்டியே எச்சரிக்கை சொல்லும் பழக்கம் இணையத்தோடு வந்தது என்று நினைப்போர் இந்த மேடையைக் கவனிக்க வேண்டும்.

1990களின் தொடக்கத்தில் மதுரையில் தங்கி ஸ்பெஷல் நாடகத்தை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர், பபூனின் தனிப்பேச்சைப் பற்றி 1997இல் ஒரு கட்டுரை எழுதினார். 2005இல் அவருடைய நூல் வெளிவந்தது. அவர் காட்டும் நுட்பம் இது: திடலில் ஒரு பக்கம் பெண்கள், மறுபக்கம் ஆண்கள். பச்சையான பேச்சு வரும் இடத்தில் பபூன் ஆண்கள் பக்கம் திரும்பி, தனக்கு நேர்ந்த சங்கடம்போலக் கதையைச் சொல்லி, அதிலிருந்து தன்னை விலக்கியும் கொள்வார். தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டுக்கொள்வதும் இந்த மரபில் உண்டு. அவையடக்கப் பாயிரத்தின் தம்பி முறை என்று இதைச் சொல்லலாம். ஆனால் ஒரு வேறுபாடு: பாயிரத்தில் புலவர் உண்மையாகவே பொறுத்தருளக் கேட்கிறார், பபூன் கேட்கும் மன்னிப்பே அடுத்த சிரிப்புக்கு முன்பணம். கேட்டுவிட்டு எந்த முகம் சுருங்குகிறது என்று பார்த்துக்கொண்டே போவார். சுருங்கினால் பேச்சை மாற்றுவார்.

பேச்சின் பச்சைக்கு மன்னிப்பு உண்டு, அடிக்கு இல்லை. அடிபிடியில் மனைவி உதைபடுவதைப் பார்த்துத் திடலே சிரிக்கிறது. பெண்களும் சிரிப்பது ஏன் என்பதே சைசரின் நூலில் ஓர் இயலுக்குப் பொருளாயிற்று. எதை அவமானம் என்று ஊர் கருதியதோ அதற்கே எச்சரிக்கை. எது அன்றாடமோ அதற்கு ஒன்றுமில்லை.

எச்சரிக்கையைச் சவாலாக மாற்றியவர் எம்.ஆர்.ராதா. தொழுநோயாளியின் வாயில் நக்கலை வைத்துத் திருவாரூர் தங்கராசுவின் ‘ரத்தக்கண்ணீரை’ மேடையேற்றியவர் அவர். அது 1954இல் படமாகவும் வந்தது. இராமாயணத்தைக் கேலி செய்த நாடகத்துக்கு அவர் செய்த விளம்பரம் இன்றும் பேசப்படுகிறது: மனம் புண்படும் என்று கருதுபவர்கள் வர வேண்டாம், அவர்கள் காசும் வேண்டாம், மீறி வந்து புண்பட்டால் தான் பொறுப்பல்ல. இன்றைய எந்தப் பொறுப்புத்துறப்பும் இவ்வளவு நேர்மையாக இல்லை என்பது என் எண்ணம்.

அரசு அதை ரசிக்கவில்லை. அதே 1954இல் சென்னை மாநிலத்தில் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. ராதாவை மனத்தில் வைத்தே அது வந்தது என்பது பரவலான கருத்து. இந்தச் சட்டத்தின் முன்னோடியும் ஒரு கேலிநாடகத்தால் பிறந்ததுதான். கல்கத்தாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசரைத் தன் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்த வழக்கறிஞரைக் கிண்டலடித்த நாடகத்துக்குப் பின்னரே 1876ஆம் ஆண்டுச் சட்டம் எழுந்தது. ராதாவின் எச்சரிக்கை பார்வையாளரை நோக்கியது. 1954ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நாடகப் பிரதி காவல் நிலையத்தை நோக்கி நடந்தது. பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் நம் பக்கத்துத் திருவிழாக்களில் ஆடல் பாடலுக்கு அனுமதி கேட்டு அந்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும் விழாக் குழுவினர், ஆபாச உடையும் இரட்டை அர்த்தப் பேச்சும் இருக்காது என்ற நிபந்தனையோடுதான் திரும்புகிறார்கள்.

எச்சரிக்கை திரைக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் ஓடிடி நிறுவனங்களுக்கு யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என வகைப்பாட்டையும், உள்ளடக்கம் எத்தகையது என்ற குறிப்பையும் கட்டாயமாக்கின. யூடியூபில் குறுநாடகம் போடுபவர்களை இந்த வகைப்பாடு நேரடியாகக் குறிக்கவில்லை. எச்சரிக்கை போட்டாலும் போடாவிட்டாலும் சிக்கல் வரத்தான் செய்கிறது: திருப்பதி லட்டு விவகாரத்தைக் கிண்டலடித்த காணொளியை ‘பரிதாபங்கள்’ யூடியூப் குழு 2024 செப்டம்பரில் நீக்கி வருத்தம் தெரிவித்தது. சில நொடி எச்சரிக்கை போதுமா என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே கேட்டது.

போதாது, நொடிகள் குறைவு என்பதல்ல காரணம். திரையில் ஓடும் வரி எந்த முகத்தையும் பார்ப்பதில்லை. வழக்கு வந்தால் காட்டுவதற்காகவே அது இருக்கிறது. பபூன் திடலிலேயே நின்றார், கல் விழுந்தால் அவர் மேல்தான் விழும்.

அந்த மன்னிப்புகள் எந்தப் பிரதியிலும் இல்லை. வள்ளி திருமணத்துக்கு அச்சுப் புத்தகம் உண்டு. பபூனின் பேச்சு அன்றைக்கு அன்றைக்கே உருவாவது. விழாக் குழுவினரே, நாடகத்தைப் படம்பிடிக்கும்போது முதல் இரண்டு மணி நேரத்தை வெட்டாமல் வைத்திருங்கள்.