ஷெல் ஸ்கிரிப்டில் வேரியபிள்: உருவாக்குவது எப்படி? பிரின்ட் செய்வது எப்படி?

வேரியபிள்னா என்ன?
பெயர் எழுதி ஒட்டிய டப்பா மாதிரி. உள்ளே ஒரு மதிப்பைப் போட்டு வைத்தால், வேண்டும்போது பெயரைச் சொல்லி எடுக்கலாம்.

எப்படி உருவாக்குவது?
ஊர்="மதுரை"
கட்டளையையும் வேரியபிள் பெயரையும் ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்யணும். மதிப்பு தமிழில் இருக்கலாம். சமக்குறிக்கு இரண்டு பக்கமும் ஸ்பேஸ் விடாதீங்க. முன்னால் விட்டால், 'ஊர்' என்பதை ஒரு கட்டளை என்று நினைத்து ஷெல் தேடும்; எரர் வரும்.

எப்படி பிரின்ட் செய்வது?
எக்கோ "$ஊர்"
திரையில் 'மதுரை' என்று வரும். டாலர் குறியை விட்டால் 'ஊர்' என்ற சொல்தான் வரும்.

ஏன் கவனம் தேவை?
வேரியபிள் காலியாக இருந்தாலும் ஷெல் பொதுவாக எரர் காட்டாது. லினக்ஸுக்கான 'ஸ்டீம்' கேம் மென்பொருளின் ஸ்கிரிப்டில் இருந்த இந்த ஆபத்து 2015 ஜனவரியில் வெளியே வந்தது. ஃபோல்டர் பெயர் இருக்க வேண்டிய வேரியபிள் காலியானதால், அழிக்கும் கட்டளை பயனரின் சொந்த ஃபைல்களையே அழித்தது.

அதனால், எதையும் அழிக்கும் முன் வேரியபிளை ஒருமுறை எக்கோ செய்து பாருங்க. திரை காலியா? அங்கேயே நிறுத்துங்க.