வண்டி பழசாச்சா, கண் பழசாச்சா?

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படியுங்கள். வகுப்பில் பாதியில் எழுந்து போனவர்கள் இங்கேயாவது கடைசி வரை இருக்க வேண்டும்!

என்னிடம் ஒரு சின்ன கார் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். 2013-ல் வாங்கியது. அப்போது ஓய்வு பெற நான்கு வருடம் பாக்கி. சம்பளத்தில் பிடித்தம் போக மிச்சத்தில் தவணை கட்டி முடித்தேன். இன்று வரை 58,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. நடுவழியில் நின்றதில்லை. ஏ.சி. குளிர்கிறது. மெக்கானிக் தம்பி, "சார், இன்ஜின் இன்னும் அஞ்சு வருஷம் தாங்கும்" என்கிறார்.

ஆனாலும் போன தீபாவளியிலிருந்து எனக்கு அதைப் பார்த்தாலே பிடிக்கவில்லை. எதிர்வீட்டில் புது வண்டி வந்தது. கூரையில் கண்ணாடி, உள்ளே டி.வி. போலத் திரை. அன்று முதல் என் வண்டியின் நிறம் மங்கலாகத் தெரிந்தது. கதவு சாத்தும் சத்தம்கூட தகரச் சத்தமாகக் கேட்டது. ஷோரூமில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவனிடம் பேசினேன். பத்தாயிரம் ரூபாய் கட்டி முன்பதிவும் செய்துவிட்டேன். மீதிக்கு வங்கியில் இருந்த வைப்புத்தொகையை உடைக்க வேண்டும்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஏங்க, இந்த வண்டி ஓடலையா?"

எனக்குப் பதில் வரவில்லை. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். ஒரு கேள்விக்கு இப்படி முழித்ததில்லை. நன்றாக ஓடுகிற வண்டி எப்படி அலுத்துப்போகும்? சமூக அறிவியல் வாத்தியாருக்குத் தெரிந்த ஒரே வழி வரலாற்றைப் புரட்டுவது. புரட்டினேன். கிடைத்ததை உங்களோடு பகிர்கிறேன்.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1908 அக்டோபரில் ஹென்றி ஃபோர்டு 'மாடல் டி' என்ற காரை அறிமுகம் செய்தார். அவருடைய கொள்கை எளிமையானது. ஒரே மாதிரி வண்டி, உறுதியான வண்டி, வருடா வருடம் விலை குறைய வேண்டும். 1913-ல் நகரும் உற்பத்தி வரிசையைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த சேசிஸ் கோர்ப்பு வேலை சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு இறங்கியது. ஆரம்பத்தில் 850 டாலர் அளவில் இருந்த விலை, 1920-களின் நடுவில் மலிவான மாடலுக்கு 260 டாலர் வரை வந்தது. விவசாயியும் தொழிலாளியும் கார் வாங்கினார்கள். 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறம் மட்டும்தான். கெட்டால் வீட்டிலேயே பழுது பார்க்கலாம். வாங்கியவன் வருடக்கணக்காக வைத்திருப்பான். ஃபோர்டுக்கு அது பெருமை.

அந்தப் பெருமையே ஒரு கட்டத்தில் சிக்கலானது. 1920-களின் நடுவில் கார் வாங்கக்கூடிய அமெரிக்கர்களில் பெரும்பாலோர் வாங்கிவிட்டார்கள். அவர்களிடம் இருந்த வண்டி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. இனி யாருக்கு விற்பது? ஏற்கனவே கார் வைத்திருப்பவனுக்குத்தான் விற்க வேண்டும். ஓடுகிற வண்டியை அவன் ஏன் கைவிட வேண்டும்? என் மனைவி கேட்ட அதே கேள்வி!

இதற்குப் பதில் கண்டுபிடித்தவர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆல்ஃபிரட் ஸ்லோன். மின் பொறியியல் படித்தவர், பேரிங் தயாரிக்கும் கம்பெனியை நடத்தியவர், 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரானார். பின்னாளில் எழுதிய தன் நூலில், அன்றைய கார் சந்தையை மாற்றிய நான்கு விஷயங்களை அவர் சொல்கிறார். தவணை முறை, பழைய வண்டியைக் கொடுத்துப் புதியதை எடுப்பது, மூடிய கார், ஆண்டுதோறும் புது மாடல். இந்த நான்கையும் கொஞ்சம் கவனியுங்கள்.

முதலில் தவணை. ஜெனரல் மோட்டார்ஸ் 1919-லேயே கடன் கொடுக்கத் தனி நிறுவனம் தொடங்கிவிட்டது. ஃபோர்டுக்குக் கடன் பிடிக்காது. 1923-ல் அவர் கொண்டுவந்த திட்டம் நம்மூர் சீட்டு மாதிரி. வாரம் ஐந்து டாலர் கட்டிக்கொண்டே வர வேண்டும், முழுப் பணமும் சேர்ந்த பிறகுதான் வண்டி. அங்கே கடன் வாங்கி இன்றைக்கே ஓட்டலாம், இங்கே சேமித்து என்றைக்கோ ஓட்டலாம். மக்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, பழைய வண்டியை எடுத்துக்கொள்வது. கையில் இருக்கும் வண்டியே அடுத்த வண்டிக்கு முன்பணம் ஆனது. மாற்றுவது சுலபமாயிற்று. இதில் ஒரு நன்மையும் உண்டு. கைமாறிய பழைய வண்டிகள், புது வண்டி வாங்க முடியாதவர்களிடம் போய்ச் சேர்ந்தன.

மூன்றாவது, மூடிய கார். தொடக்ககாலக் கார்கள் பெரும்பாலும் திறந்தவை. மழை, குளிர், புழுதி எல்லாம் மேலே விழும். கதவும் கண்ணாடியும் கூரையும் வந்தபோது கார் எல்லாப் பருவத்துக்கும் உதவும் வாகனமானது. இது உண்மையான முன்னேற்றம். மாடல் டி-யும் மூடிய உடலோடு கிடைத்தது. ஆனால் அதன் அடித்தளம் இலேசான திறந்த வண்டிக்காக வடிவமைத்தது.

நான்காவதுதான் நம் கதைக்கு முக்கியம். ஆண்டுதோறும் புது மாடல். இயந்திரத்தை வருடா வருடம் மாற்ற முடியாது, செலவு தாங்காது. ஆனால் தோற்றத்தை மாற்றலாமே! 1923-24-ல் 'டூகோ' என்ற சீக்கிரம் காயும் வண்ணப்பூச்சு வந்தது. டூபாண்ட் நிறுவனத்தின் தயாரிப்பு. அதுவரை ஒரு காருக்கு வண்ணம் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். இப்போது பல நிறங்களில் வேகமாகப் பூச முடிந்தது. 1927-ல் ஹார்லி ஏர்ல் என்பவரை வைத்துக் கலைக்கும் வண்ணத்துக்கும் என்றே ஸ்லோன் தனிப் பிரிவு தொடங்கினார். ஏர்ல் யார் தெரியுமா? கலிபோர்னியாவில் ஹாலிவுட் நட்சத்திரங்களுக்கு விதவிதமாகக் கார் உடல் கட்டிக்கொடுத்தவர். களிமண்ணில் கார் உருவத்தைச் செய்து பார்க்கும் முறையை அந்தத் தொழிலில் நிலைநிறுத்தியவர்.

கூடவே ஒரு ஏணியும் கட்டினார்கள். கீழ்ப்படியில் செவ்ரோலெ, மேல்படியில் கேடிலாக், நடுவே பான்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், பியூக். சம்பளம் ஏற ஏற ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். தெருவில் நிற்கும் காரைப் பார்த்தாலே வீட்டுக்காரர் எந்தப் படியில் நிற்கிறார் என்று தெரிந்துவிடும். நம் ஊரில், "சார் இன்னும் அதே வண்டிதானா?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வியின் ஊற்று அங்கே இருக்கிறது.

விளைவு என்ன ஆயிற்று? 1927 மே மாதம் ஒன்றரைக் கோடியாவது மாடல் டி வெளியே வந்தது. அதோடு அந்த மாடலையே ஃபோர்டு நிறுத்த வேண்டியதாயிற்று. புது மாடலுக்குத் தயாராக ஆலைகளை மாதக்கணக்கில் மூடினார். அந்த ஆண்டு செவ்ரோலெ விற்பனையில் ஃபோர்டை முந்தியது. டிசம்பரில் ஃபோர்டின் 'மாடல் ஏ' வந்தபோது அதில் வெவ்வேறு நிறங்கள் இருந்தன! ஒரே வண்டி போதும் என்று பிடிவாதமாக நின்றவரும் கடைசியில் ஸ்லோனின் பாதைக்கு வந்தார்.

இனி நான் வியந்த இடம். ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் சார்லஸ் கெட்டரிங். இளமையில் ஓஹியோ மாநிலத்துக் கிராமப்புறத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அதனால் அவர் மேல் எனக்குத் தனிப் பிரியம். 1929-ல் அவர் ஒரு வணிக இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பு, 'நுகர்வோரை அதிருப்தியிலேயே வைத்திருங்கள்'. எல்லோரும் கையில் இருப்பதில் திருப்தியடைந்துவிட்டால் புதியதை வாங்க ஆளிருக்காது என்பதுதான் வாதத்தின் சாரம். ரகசியமாகச் சொல்லவில்லை, பத்திரிகையில் பகிரங்கமாக எழுதினார். என் தீபாவளி அலுப்பு நான் பிறப்பதற்கு முப்பது வருடம் முன்பே திட்டம் போட்ட ஒன்று என்று அப்போதுதான் உறைத்தது.

கெட்டரிங்கை வில்லனாக்கிவிடாதீர்கள். அவருடைய பெரிய சாதனை மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டர். 1912-ஆம் ஆண்டு கேடிலாக்கில் வந்தது. அதற்கு முன் காரின் முன்னால் நின்று கம்பியைச் சுழற்றித்தான் இன்ஜினைக் கிளப்ப வேண்டும். சில சமயம் கம்பி திருப்பி அடிக்கும், கை எலும்பு முறியும். செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்ததும் அந்த ஆபத்து போனது. அவர் சொன்ன அதிருப்தியில் இதுவும் சேர்த்தி. கம்பி சுழற்றுவதில் எல்லோரும் திருப்தியாக இருந்திருந்தால் இன்றும் சுழற்றிக்கொண்டேதான் இருப்போம்.

அதே நிறுவனத்தின் இன்னொரு மாற்றத்தைப் பாருங்கள். 1948-ல் கேடிலாக் காரின் பின்புறத்தில் மீன் துடுப்பு போல இரண்டு இறக்கைகள் முளைத்தன. லாக்ஹீட் பி-38 என்ற போர் விமானத்தின் வாலைப் பார்த்து வந்த யோசனை. வருடத்துக்கு வருடம் துடுப்பு வளர்ந்து 1959-ல் உச்சம் தொட்டது. அந்தத் துடுப்பால் பயணம் செய்பவருக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. போன வருடத்து வண்டியைப் பழசாகக் காட்டும், அவ்வளவுதான். 1960-ல் வான்ஸ் பேக்கர்ட் என்ற எழுத்தாளர் இந்த வீண்செலவுப் பழக்கத்தைக் கண்டித்துத் தனிப் புத்தகமே எழுதினார். மறுபக்கம் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஏறக்குறைய ஒரே உருவத்தில் விற்றுக்கொண்டே இருந்து, 1972-ல் மாடல் டி-யின் உற்பத்திச் சாதனையைக் கடந்தது.

"நம் நாட்டில் இந்த அலுப்பு அப்போது இல்லையே சார்?" என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. அலுத்துக்கொள்ள வழியே இல்லை! இங்கே மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த அம்பாசடர், ஃபியட் வழிவந்த பத்மினி, நம் சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கார்கள். உரிம முறையின் கட்டுப்பாடு, பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பு. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 சாவியை இந்திரா காந்தி அம்மையார் கொடுத்த பிறகுதான் காற்று மாறியது. அம்பாசடரோ பெரிய உருவ மாற்றமில்லாமல் 2014 வரை வந்தது. போட்டி இல்லாத ஊரில் வாங்குபவனுக்குத் திருப்தியும் இல்லை, வண்டியில் முன்னேற்றமும் இல்லை. ஆக, மாற்றமே வேண்டாம் என்பதும் சரியான விடை இல்லை.

இவ்வளவும் படித்த பிறகு ஒரு பழைய நோட்டில் நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் 'ஸ்டார்ட்டர்' என்று தலைப்பு, ஒரு கஷ்டத்தையோ ஆபத்தையோ போக்கும் காரணங்களுக்கு. வலப்பக்கம் 'துடுப்பு', பழசாகத் தெரிகிறது என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாத காரணங்களுக்கு.

துடுப்பில் எழுதியவை: நிறம், திரை, கூரைக் கண்ணாடி, எதிர்வீடு, கதவுச் சத்தம். ஐந்து.

ஸ்டார்ட்டரில் ஒன்றே ஒன்றுதான் நின்றது. என் வண்டியில் ஏர்பேக் இல்லை. 2019 ஜூலைக்குப் பிறகு புது கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். என்னுடையது அதற்கு முந்தையது. இது நியாயமான காரணம், மறைக்க மாட்டேன். ஆனால் நான் முன்பதிவு செய்தபோது இதை நினைக்கவே இல்லை என்பதும் உண்மை.

அந்த நோட்டை மனைவியிடம் காட்டினேன். அப்போதுதான் அவர் மெதுவாகச் சொன்னார். "அந்த டெபாசிட் என் முட்டி ஆபரேஷனுக்குப் போட்டதுங்க. நீங்க ஆசைப்பட்டீங்க, அதான் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

இரண்டு வருடமாக மாடிப்படி ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார். அந்தப் பணத்தில் நான் கூரைக் கண்ணாடி வாங்கப் போனேன். அதற்கு மேல் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மறுநாளே முன்பதிவை ரத்து செய்தேன். "பரவாயில்லை சார்" என்று அந்த மாணவன் தானே பணத்தைத் திருப்பி வாங்கிக் கொடுத்தான். நல்ல பிள்ளை. வருகிற மாதம் மதுரையில் முட்டி ஆபரேஷன், தேதி வாங்கிவிட்டோம். அது முடிந்து கையில் மிச்சம் இருந்தால் ஏர்பேக் உள்ள ஒரு சின்ன வண்டியைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை தூரப் பயணம் ரயிலில், உள்ளூருக்கு இந்த வண்டி. நேற்று கழுவித் துடைத்தேன். நிறம் அப்படியொன்றும் மங்கவில்லை.

வண்டியோ, போனோ, நாற்காலியோ, மாற்றத் தோன்றும்போது நீங்களும் ஒரு கோடு போட்டுப் பாருங்கள் பிள்ளைகளே. இடப்பக்கம் ஏதாவது இருந்தால் தாராளமாக மாற்றுங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்றும் இல்லை என்றால், அந்தப் பணம் வீட்டில் யாருடைய முட்டிக்காகப் போட்டது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

உங்கள் பட்டியலையும் கீழே எழுதுங்கள், திருத்தி மதிப்பெண் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் ஆசிரியர்