நூறு டாலர் பந்தயம் முதல் தரமணி வரை

1985ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் நார்ஃபோக் நகரில், ஒரே வேலையைப் பல புராசசர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இணைக் கணிப்பு பற்றிய கருத்தரங்கு ஒன்று நடந்தது. ஆயிரம் புராசசர் கொண்ட கணினி, நாலாயிரம் கொண்ட கணினி, பத்து லட்சம் கொண்டதாக ஒரு திட்டம் என்று மேடையில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. கேட்டுவிட்டுத் திரும்பிய ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர் ஆலன் கார்ப்புக்கு நம்பிக்கை வரவில்லை. பொதுப் பயன்பாட்டுக்கான இணைக் கணினியில் அறிவியல் கணக்கு ஒன்றை இருநூறு மடங்கு வேகமாக ஓட்டிக் காட்டுபவருக்குத் தன் கையிலிருந்து நூறு டாலர் தருவதாக அறிவித்தார். கெடு, 1995 டிசம்பர் 31 இரவு 11.59. பத்து ஆண்டு அவகாசம் கொடுத்ததிலேயே அவருடைய சந்தேகத்தின் ஆழம் தெரிகிறது.

சந்தேகத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஜீன் ஆம்டால் 1967இலேயே சொல்லிவிட்ட கணக்கு அது. ஒரு வேலையில் நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய முடியும் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை புராசசர்களைக் கொண்டுவந்து கொட்டினாலும் மொத்த வேகம் இருபது மடங்கைத் தாண்டாது. 1,024 புராசசர் போட்டால் கிடைப்பது 19.6 மடங்கு. இருநூறு மடங்கு வேண்டுமென்றால் அந்த முரட்டுப் பங்கு அரை சதவீதத்துக்கும் கீழே இறங்க வேண்டும்.

மூன்றே ஆண்டுகளில் பந்தயம் முடிந்துவிட்டது. சாண்டியா ஆய்வுக்கூடத்தின் ஜான் கஸ்டாஃப்சன், கேரி மான்ட்ரி, ராபர்ட் பென்னர் மூவரும் 1,024 புராசசர் கொண்ட என்கியூப் கணினியில் மூன்று கணக்குகளை ஓட்டினார்கள். கணக்கின் அளவை மாற்றாமலே வேகம் ஐந்நூறு மடங்கைத் தாண்டியது. கணினி பெருகப் பெருகக் கணக்கையும் பெருக்கியபோது ஆயிரத்தைத் தாண்டியது. ஆம்டாலின் சூத்திரத்தில் தவறு இல்லை. பெரிய கணினி கையில் கிடைத்தவர் பழைய சின்னக் கணக்கையே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார் என்பதுதான் கஸ்டாஃப்சனின் வாதம். வானிலைக்காரரிடம் பத்து மடங்கு வேகம் கொடுத்தால், நேற்றைய கணிப்பையே சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகவா போகிறார்? கட்டத்தை இன்னும் நுணுக்கமாக வெட்டுவார்.

இந்தத் துறையின் பெரிய திருப்பங்களைத் தேடிப் போனால், பல நேரங்களில் ஒரு சிறு கூட்டத்தின் வாசலில் போய் நிற்க நேரிடுகிறது. காரணமும் எளிதில் புரியக்கூடியதே. தனி ஒருவர் தனிக் கணினியில் எழுதும் நிரலுக்கு யாருடைய சம்மதமும் வேண்டாம். நூறு கணினிகள் தங்களுக்குள் பேச வேண்டுமானால் பேச்சின் இலக்கணத்தை யாராவது உட்கார்ந்து ஒப்புக்கொண்டாக வேண்டும்.

அந்த ஒப்புதல் இல்லாத காலத்தில் நிலைமை விசித்திரமாக இருந்தது. இன்டெல் தன் இணைக் கணினிக்கு ஒரு செய்தி அனுப்பும் முறை வைத்திருந்தது, ஐ.பி.எம். வேறொன்று, என்கியூப் இன்னொன்று. ஆய்வுக்கூடங்கள் தம் பங்குக்கு பி4, பார்மாக்ஸ் என்று உருவாக்கிக்கொண்டிருந்தன. கணினி மாறினால் நிரலை முதலிலிருந்து எழுத வேண்டும். 1989 கோடையில் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் எமரி பல்கலைக்கழகத்தின் வைத்தி சுந்தரமும் ஆல் கைஸ்டும் தொடங்கிய பி.வி.எம். இந்தக் குழப்பத்தை ஓரளவு குறைத்தது. வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளைக் கோத்து ஒரே கணினிபோல நடத்தும் மென்பொருள் அது.

1992 ஏப்ரல் கடைசியில் விர்ஜீனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்பர்க் ஊரில் இரண்டு நாள் பயிலரங்கு கூடியது. செய்தி அனுப்புவதற்கு ஒரு பொதுத் தரம் தேவைதானா என்பதே பேசுபொருள். தேவை என்று முடிவானது. அதே ஆண்டு நவம்பருக்குள் ஜாக் டொங்காரா உள்ளிட்ட நால்வர் முதல் வரைவை எழுதி முடித்தார்கள். பிறகு 1993இன் முதல் ஒன்பது மாதங்கள், ஆறு வாரத்துக்கு ஒருமுறை டல்லாஸில் ஒரு ஓட்டலில் கூட்டம். ஏறக்குறைய நாற்பது நிறுவனங்களிலிருந்து அறுபது பேர். சந்தையில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்த கம்பெனிகளின் ஆட்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரு கட்டளைக்கு எத்தனை உள்ளீடு, எந்த வரிசையில் என்று வாதாடி வாக்களித்தார்கள்.

அந்தக் கூட்டங்களில் பாராட்ட வேண்டிய இன்னொன்று உண்டு. ஆர்கான் ஆய்வுக்கூடத்தின் வில்லியம் கிராப்பும் யூயிங் லஸ்கும், தரம் எழுதப்பட எழுதப்பட அதை ஓடும் மென்பொருளாகவும் ஆக்கிக்கொண்டே வந்தார்கள். காகிதத்தில் அழகாகத் தெரிந்த விதி கணினியில் முரண்டு பிடித்தால் அடுத்த கூட்டத்திலேயே தெரிந்துவிடும். 1994இல் எம்.பி.ஐ. என்ற தரம் வெளியானபோது எம்பிச் என்ற இலவச மென்பொருளும் கையோடு தயாராக இருந்தது. குழு போட்டுத் தரம் எழுதி அலமாரியில் வைத்த கதைகள் கணினி உலகில் ஏராளம். இது அப்படி ஆகாமல் போனதற்கு இந்த ஏற்பாடே முதல் காரணம் என்று துணிந்து சொல்லலாம். ஐரோப்பாவில் 1994இல் ரோமில் பி.வி.எம். பயனர்கள் தொடங்கிய ஆண்டுக் கூட்டத்தின் பெயரே மிச்சக் கதையைச் சொல்கிறது. 1997இல் அதில் எம்.பி.ஐ. சேர்ந்தது, 2010இல் பி.வி.எம். கழன்றுகொண்டது.

மென்பொருளுக்கு வழி பிறந்த அதே 1994இல் வன்பொருளும் மலிவானது. நாசாவின் கோடார்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்டு பெக்கரும் கடையில் கிடைக்கும் 486 கணினிகள் பதினாறை சாதாரண ஈத்தர்நெட் கம்பியால் கோத்து, லினக்ஸ் ஏற்றி, பியோவுல்ஃப் என்று பெயர் வைத்தார்கள். கம்பியின் வேகம் போதவில்லை என்று இரண்டு இணைப்புகளை இழுத்து, தரவுப் பொட்டலங்களை மாற்றி மாற்றி அனுப்பினார்கள். அதற்கான டிரைவர் நிரலை எழுதியவர் பெக்கர். 1995இல் கட்டுரை வந்தது. அதைத் தொடர்ந்து பியோவுல்ஃப் கட்டுவது எப்படி என்று செய்முறை வகுப்புகள் நடந்தன. அந்த வகுப்புகளின் பாடம் 1999இல் எம்.ஐ.டி. அச்சகத்தின் புத்தகமானது.

ஓக் ரிட்ஜில் வில்லியம் ஹார்க்ரோவ், ஃபாரஸ்ட் ஹாஃப்மன் என்று இரு ஆய்வாளர்கள் இருந்தார்கள். அமெரிக்கா முழுவதையும் ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒத்த சூழல் கொண்ட பகுதிகளை அடையாளம் காண்பது அவர்கள் வேலை. கட்டங்கள் மட்டும் 78 லட்சம். பியோவுல்ஃப் போல ஒன்று கட்டப் பணம் கேட்டு விண்ணப்பித்தார்கள், அது மறுக்கப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் கழித்துக் கட்டப்பட்ட பழைய கணினிகளைத் துறை துறையாகப் போய்க் கேட்டு வாங்கிவந்து, நூற்றுக்கு மேல் கோத்துவிட்டார்கள். கல்லைப் போட்டுச் சூப் வைப்பதாகச் சொல்லி ஊராரிடம் காய்கறி வாங்கிய நாடோடிக் கதையின் பெயரே அந்தக் கணினிக்கு. வரைபடம் வந்துவிட்டது.

1999 டிசம்பரில் மெல்போர்னில் ராஜ்குமார் புய்யாவும் மார்க் பேக்கரும், இப்படித் தனிக் கணினிகளைக் கோக்கும் கிளஸ்டர் கணிப்புக்கென்றே ஒரு பன்னாட்டுப் பயிலரங்கை நடத்தினார்கள். மறு ஆண்டே அது ஜெர்மனியின் கெம்னிட்ஸில் முழுக் கருத்தரங்காக வளர்ந்தது.

இந்தியாவின் கதை வேறு நெருக்கடியில் தொடங்குகிறது. பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வகத்தில் 1986இலேயே ஃப்ளோசால்வர் என்ற இணைக் கணினி பிறந்துவிட்டது. அமெரிக்கா தன் கிரே சூப்பர் கணினியைத் தரத் தயங்கி நிபந்தனைகள் அடுக்கிய சூழலில், 1988இல் விஜய் பட்கர் தலைமையில் புனேயில் சி-டாக் உருவானது; 1991இல் பரம் 8000 வந்தது. கணினி வந்துவிட்டது, அதில் எழுதத் தெரிந்தவர்கள் எங்கே என்ற கேள்வி மிஞ்சியது. 1994 டிசம்பரில் பெங்களூரில் இணைக் கணிப்புக்கான பன்னாட்டுப் பயிலரங்கு கூடியது. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் விக்டர் பிரசன்னா அதன் பின்னிருந்தவர்களில் முக்கியமானவர். ஹைப்பீசி என்ற பெயரில் ஆண்டுதோறும் ஊர் ஊராக நகர்ந்த அந்தக் கூட்டம் 1998 டிசம்பரில் சென்னைக்கும் வந்தது. அயல்நாட்டில் இருக்கும் நம் பேராசிரியர்கள் ஊருக்கு வரும் மாதமும் அதுதானே. நடைமுறை தெரிந்தவர்கள் வைத்த தேதி.

சென்னையின் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 2004இல் எழுந்தது கப்ரு. இமயத்தின் ஒரு சிகரத்தின் பெயர். இரண்டு சியான் புராசசர் கொண்ட 144 கணுக்கள். நொடிக்கு ஒரு லட்சம் கோடிக் கணக்குகள். அணுக்கருவுக்குள் குவார்க்குகளைப் பிணைக்கும் விசையை நாற்பரிமாணக் கட்டங்களில் கணக்கிடும் இயற்பியலாளர்களுக்காக அது கட்டப்பட்டது; என்.டி. ஹரிதாஸ் முன்னின்றார். உலகின் வேகமான ஐந்நூறு கணினிகளின் பட்டியலில் அதற்கு இடம் கிடைத்தது. கடையில் வாங்கும் உதிரிகளைக் கோத்துத் தேவைப்பட்டவர்களே எழுப்பிய கணினி என்பதுதான் அதன் சிறப்பு.

இன்று நம் பொறியியல் கல்லூரிகளில் இணைக் கணிப்புப் பயிலரங்குகளுக்குப் பஞ்சமில்லை. குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, இரண்டு நாளும் பவர்பாயின்ட், முடிவில் சான்றிதழ். கணினியைத் தொட்டவர் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும்.

தொட்டால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். வழக்கமான முதல் பயிற்சி, பை மதிப்பைக் கண்டுபிடிப்பது. ஒரு வளைகோட்டுக்குக் கீழுள்ள பரப்பைப் பட்டை பட்டையாக வெட்டி ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து, கடைசியில் ஒரே ஒருமுறை கூட்டினால் போதும். எட்டு கணினிக்கு ஏறக்குறைய எட்டு மடங்கு வேகம் கிடைக்கும், மாணவர்கள் மகிழ்ந்துபோவார்கள். அடுத்த பயிற்சி, ஒரு தகட்டில் வெப்பம் பரவுவது. இங்கே ஒவ்வொரு படியிலும் பக்கத்துக் கணினியிடம் ஓர எண்களைக் கேட்டு வாங்க வேண்டும். தகடு சின்னதாக இருந்தால் எட்டு கணினி சேர்ந்து ஒரே கணினியைவிட மெதுவாக ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். நேரமெல்லாம் கம்பியில் போகிறது.

அதைவிடச் சுவையானது, நிரல் அப்படியே உறைந்து நின்றுவிடும் தருணம். இரண்டு கணினியும் முதலில் அனுப்பு, பிறகு வாங்கு என்று எழுதப்பட்டிருக்கும். நிச்சயதார்த்தத்தில் இரு சம்பந்திகளும் தட்டை ஏந்திக்கொண்டு, அடுத்தவர் தட்டை வாங்கக் கை ஒழியாமல் நிற்பது போன்ற நிலை. இதில் ஒரு குறும்பும் உண்டு. நூறு எண்கள் அனுப்பும்வரை நிரல் ஒழுங்காக ஓடும். ஒரு லட்சம் எண்கள் என்றதும் நின்றுவிடும். சிறு செய்தியை எம்.பி.ஐ. தன் இடைக்கிடங்கில் போட்டுக்கொண்டு அனுப்பியவரை விடுவித்துவிடும். பெரிய செய்திக்கு வாங்குபவர் தயாராகும்வரை காத்திருக்கும். நேற்று சரியாக ஓடியது சார் என்று மாணவர் சத்தியம் செய்வார். அது பொய்யும் இல்லை. ஒரு கணினி அனுப்பட்டும், மற்றது வாங்கட்டும் என்று வரிசையை மாற்றினால் சிக்கல் தீரும். இந்த ஒரு மணி நேரம் கற்பிப்பதை எந்த விரிவுரையும் கற்பிக்காது.

2022 மே மாதம் முதல் திருச்சி என்.ஐ.டி.யில் பரம் பொருள் இயங்குகிறது. தேசிய சூப்பர் கணினித் திட்டத்தின்கீழ் வந்த 838 டெராஃப்ளாப்ஸ் கணினி. வேகத்தில் கப்ருவைப் போல எண்ணூறு மடங்கு. அங்கே போய் நிரலை ஓட்டும் தகுதி பெற, மாணவர் தன் கல்லூரியிலேயே பத்து முறையாவது நிரலை உறையவைத்திருக்க வேண்டும். அதற்குச் சூப்பர் கணினி தேவையில்லை. ஆய்வகத்திலிருந்து பழசு என்று ஏலத்துக்குப் போகும் கணினிகளில் பதினாறை நிறுத்திவையுங்கள். லினக்ஸும் இலவசம், எம்பிச்சும் இலவசம். ஒரு சுவிட்ச்சும் கொஞ்சம் கம்பியும் வாங்கினால் போதும். அடுத்த பயிலரங்கின் அழைப்பிதழ் அச்சாகும் முன் அந்தப் பதினாறும் ஒன்றோடொன்று பேசட்டும். பயிலரங்கு மலருக்குக் கட்டுரை கேட்கும்போது மாணவர்கள் எழுதிய நிரல்களையும் அவர்கள் அளந்த நேரங்களையும், சரியாக வராதவை உட்பட, சேர்த்துக் கேளுங்கள்.