உயிரணுச் சுழற்சிப் புரதம்: ஆய்வு வரலாறு

உயிரணு தன் டி.என்.ஏ.வை இரட்டித்து இரண்டாகப் பிரியும் தொடர் நிகழ்வு உயிரணுச் சுழற்சி எனப்படும். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் 1934 முதல் 1939 வரை பணியாற்றிய ஜானகி அம்மாள், கரும்புக் கலப்பினங்களின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அன்று குரோமோசோம்களைக் காண முடிந்தது. உயிரணுப் பிரிவைத் தொடங்கி வைப்பது எது என்பது தெரியவில்லை.

அதற்கான தடயம் மனித உயிரணுக்களில் கிடைத்தது. இந்திய அறிவியலாளர் பொட்டு நரசிம்ம ராவும் ராபர்ட் ஜான்சனும் அமெரிக்காவில் மேற்கொண்ட ஆய்வு 1970இல் வெளியானது. பிரிந்துகொண்டிருந்த உயிரணுவைப் பிரிவுக்கு ஆயத்தமாகாத உயிரணுவுடன் அவர்கள் இணைத்தனர். இரண்டாவதன் குரோமோசோம்களும் உரிய காலத்துக்கு முன்பே சுருங்கித் திரண்டன. பிரிவைத் தூண்டும் பொருள் உயிரணுவுக்குள்ளேயே உள்ளது என்பது இதனால் விளங்கியது.

1982இல் டிம் ஹன்ட், கடல் முள்ளெலி முட்டைகளில் சைக்ளின் என்னும் புரதத்தைக் கண்டறிந்தார். 1987இல் மெலனி லீ, பால் நர்ஸ் ஆகியோர், பிரிவுக்கான மரபணு பழுதடைந்த ஈஸ்ட்டில் மனித மரபணுக்களைச் செலுத்தினர். அவற்றுள் ஒன்று அக்குறையை ஈடுசெய்தது. அம்மரபணு உருவாக்கும் புரதமே சி.டி.கே.1. இது சைக்ளினுடன் சேர்ந்தே செயற்படுகிறது. லேலண்ட் ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் மூவரும் 2001இல் நோபல் பரிசு பெற்றனர்.

மரபணு கிடைத்தபின், அதைப் பாக்டீரியாவிலோ பூச்சி உயிரணுக்களிலோ செலுத்தி மனிதப் புரதத்தை ஆய்வகத்தில் உருவாக்க முடிந்தது. இதுவே மறுசேர்க்கைப் புரதம். கட்டுப்பாடின்றிப் பிரியும் உயிரணுக்களே புற்றுநோய் என்பதால், தூய புரதத்தின் மீது தடுப்பு மருந்துகளைச் சோதிப்பது முக்கியமானது. இதே குடும்பத்தைச் சேர்ந்த சி.டி.கே.4, சி.டி.கே.6 ஆகியவற்றைத் தடுக்கும் பால்போசிக்லிப், மார்பகப் புற்றுநோய் மருந்தாக 2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.